முதலைக்கும் ஒரு கால அட்டவணை உண்டு

அரியலூர் மாவட்டத்துக்குத் தெற்கெல்லை கொள்ளிடம். திருமழபாடி, திருமானூர், ஏலாக்குறிச்சி, தூத்தூர், மதனத்தூர் என ஆற்றை ஒட்டியும் ஆற்றுக்குப் பக்கத்திலுமாக ஊர்கள் நீண்டு செல்கின்றன. கிழக்கே அணைக்கரையில் கீழணை. பச்சைமலைப் பக்கமிருந்து பெரம்பலூர் மாவட்டம் வழியாக இறங்கி வரும் மருதையாறும் கடைசியில் இந்தக் கொள்ளிடத்தில்தான் சேர்கிறது. இங்கே குளிப்பவர்கள், துணி துவைப்பவர்கள், மாடு கழுவுபவர்கள், வலை வீசுபவர்கள் எல்லோருக்கும் பக்கத்திலேயே இன்னொரு குடியிருப்பாளரும் உண்டு. அது சதுப்பு முதலை.

யானைக்கு முதுமலை இருக்கிறது, புலிக்குச் சத்தியமங்கலம் இருக்கிறது. கொள்ளிடத்து முதலைக்கு அப்படித் தனிக்காடு கிடையாது. நெல்வயலுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் நடுவே, மணல்திட்டிலும் மடுவிலும் நாணல் புதரிலும்தான் அதன் வாழ்க்கை. ஆகவே அதை அறிந்து வைத்திருப்பது கரையோர மக்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, உயிர் காக்கும் அறிவு. அந்த அறிவு கைக்கு எட்டாத ஒன்றும் அல்ல. முதலையின் வாழ்க்கை வெயிலுக்கும் நீர்மட்டத்துக்கும் கட்டுப்பட்டது. எந்த மாதத்தில், எந்த வேளையில் அது எங்கே இருக்கும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

பழைய உறவு

இந்தியாவில் மூன்று வகை முதலைகள் உண்டு. வடக்கே கங்கை, சம்பல் ஆறுகளில் மீன் தின்னும் நீள்மூக்குக் கரியால். ஒடிசாவின் பிதர்கனிகா, சுந்தரவனம், அந்தமான் கழிமுகங்களில் உவர்நீர் முதலை. ஆறு, ஏரி, குளங்களில் சதுப்பு முதலை. தமிழ்நாட்டில் அமராவதி, சாத்தனூர், ஒகேனக்கல், கொள்ளிடம் எல்லாவற்றிலும் நாம் பார்ப்பது சதுப்பு முதலையைத்தான். நன்கு வளர்ந்த ஆண் நான்கு மீட்டரைத் தாண்டும். பெண் அதைவிடச் சிறியது.

இந்த மண்ணுக்கும் முதலை இனத்துக்கும் உள்ள தொடர்பு கோடி ஆண்டுக் கணக்கில் நீள்கிறது. அரியலூரின் சுண்ணாம்புப் பாறைகள் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தவை. அந்தப் பாறை வரிசையின் மேலடுக்கான கல்லமேட்டில், டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த முதலையினப் புதைபடிவம் கிடைத்ததாக 2013-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மடகாஸ்கரில் கிடைத்த சைமோசூக்கஸ் என்ற சப்பை மூக்கு முதலையை ஒத்தது அது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்ததற்குச் சான்று சொல்லும் உயிர்களில் இதுவும் ஒன்று. இன்றைய கொள்ளிடத்து முதலை அதன் நேர் வாரிசு அல்ல, தூரத்துச் சொந்தம். ஆனாலும் அந்தக் குலம் இந்த வட்டாரத்துக்குப் புதியதல்ல.

மக்கள் நினைவிலும் அது பழையதுதான். யானையின் காலை முதலை கவ்விய கஜேந்திர மோட்சக் கதைக்கு உரிய தலமாகக் கொண்டாடப்படும் கபிஸ்தலம், கொள்ளிடத்துக்குத் தென்புறத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் இருக்கிறது.

வெயிலைக் குடித்து வாழும் உடல்

முதலை குளிர்ரத்தப் பிராணி. நம் உடல் தனக்கு வேண்டிய சூட்டை உணவிலிருந்து தானே உண்டாக்கிக்கொள்கிறது. முதலையின் உடலுக்கு அது முடியாது. வெயிலில் கிடந்து சூடேற வேண்டும், சூடு மிகுந்தால் நீரில் இறங்க வேண்டும். மணல்திட்டில் வாயைப் பிளந்தபடி அது அசையாமல் கிடப்பதைப் பார்ப்பவர்கள் கோபமாக இருக்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அப்படி வாய் திறந்திருந்தால் தலைச்சூடு தணியும்.

இந்த உடலமைப்பால் அதற்குப் பெரிய இலாபம் ஒன்று உண்டு. சூட்டுக்காக உணவைச் செலவழிக்காததால் மிகக் குறைந்த இரையில் காலம் தள்ளிவிடும். மீன், தவளை, நண்டு, ஆமை, நீர்ப்பறவை ஆகியவைதான் பெரும்பாலும் அதன் உணவு. பெரிய முதலைகள் நாய், ஆடு, கன்று ஆகியவற்றையும் பிடிக்கும். வயிறு நிறைந்துவிட்டால் பல நாள் இரை தேடாது.

நீருக்குள் அது ஒரு நுட்பமான கருவி. கண்ணும் நாசியும் தலையின் மேல்விளிம்பில் இருப்பதால் உடல் முழுவதும் மூழ்கியிருக்க, அவை மட்டும் வெளியே தெரியும். மூழ்கும்போது நாசித்துளையும் காதும் மூடிக்கொள்ளும், கண்மேல் ஒளி புகும் மென்படலம் ஒன்று விழும். தொண்டையில் உள்ள மடிப்பு நீரைத் தடுப்பதால் நீருக்குள்ளேயே வாயைத் திறந்து இரையைக் கவ்வ முடியும். இதயத் துடிப்பைக் குறைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தால் நெடுநேரம் மூழ்கியிருக்கும். தோலில், குறிப்பாகத் தாடையைச் சுற்றி, கரும்புள்ளிகளாகத் தெரியும் உணர்விகள் நீர் லேசாக அலம்பினாலே திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். படித்துறையில் துணியை அலசும் சத்தமும் குடத்தை அமிழ்த்தும் அசைவும் அதற்குத் தெரியாமல் போகாது.

அதன் புத்தியும் குறைந்ததல்ல. கொக்கும் நாரையும் கூடு கட்டும் பருவத்தில் முதலைகள் மூக்கின்மேல் குச்சிகளை ஏந்தி நீர்மட்டத்தில் காத்திருக்கும். குச்சி பொறுக்க வரும் பறவை இரையாகும். சென்னையை அடுத்த வடநெம்மேலி முதலைப் பண்ணையில் கவனிக்கப்பட்ட இந்த வழக்கம் 2013-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

ஆண்டுக்கு ஒரு சுற்று

மார்கழி, தை மாதக் குளிரில் முதலை அதிகமாகக் கண்ணில் படும். காலை வெயில் ஏறியதும் மணல்திட்டில் ஏறிக் கிடக்கும். இணைசேரும் பருவமும் ஏறக்குறைய இதுதான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெண் முதலை நீருக்குப் பக்கத்தில், வெள்ளம் எட்டாத மேட்டு மணலில் குழி தோண்டி முட்டையிடும். ஒரு குழியில் பெரும்பாலும் 25 முதல் 30 முட்டைகள் இருக்கும். சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சு பொரியும். அதுவரை தாய் பக்கத்து மடுவிலேயே காவலிருக்கும். குழிக்குப் பக்கம் யார் வந்தாலும் சீறிப் பாயும். மனிதர்களைத் தின்பதற்கு அல்ல, விரட்டுவதற்கு. ஆனால் அந்தப் பற்களுக்கு முன்னால் இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க நமக்கு நேரம் கிடைக்காது.

பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. வடநெம்மேலியில் 1980-களில் நடந்த ஆய்வுகள் இதைச் சதுப்பு முதலையில் தெளிவாக்கின. 31 டிகிரி செல்சியஸ் வரை பெண்கள் மட்டுமே பிறக்கின்றன. 32.5 டிகிரியை ஒட்டி ஆண்கள் பிறக்கின்றன. அதற்கும் மேலே போனால் இரண்டும் கலந்து வரும். ஒன்றரை டிகிரியில் ஒரு தலைமுறையின் ஆண்-பெண் விகிதமே மாறிவிடும் என்பதால், கரையோர நிழலையும் மணலின் தன்மையையும் மாற்றும் எந்தச் செயலும் இந்த உயிரின் எதிர்காலத்தைத் தொடுகிறது.

பொரியும் நேரம் வந்ததும் குஞ்சுகள் முட்டைக்குள் இருந்தே குரல் கொடுக்கும். தாய் மணலைத் தோண்டி, குஞ்சுகளைத் தன் வாயில் ஏந்தி நீருக்குக் கொண்டுபோகும். எலும்பை நொறுக்கும் அதே தாடைகள் அப்போது ஒரு குஞ்சைக்கூடக் கீறுவதில்லை. அப்படிக் காத்தும் உடும்பு, நரி, கீரி, கொக்கு, பெரிய மீன் என்று எதிரிகள் ஏராளம். மிகச் சில குஞ்சுகளே பெரிதாகும்.

இந்தக் கணக்கில் ஆற்றின் காலமும் அடங்கியிருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. கொள்ளிடத்தில் வெள்ளம் வருவதும் அதற்குப் பிந்தைய மாதங்களில்தான். அதற்கு முன்பே குஞ்சுகள் நீருக்கு வந்துவிட வேண்டும். முன்கூட்டியே வெள்ளம் ஏறி மணல்திட்டு மூழ்கினால் முட்டைக்குள்ளேயே கரு மூச்சுமுட்டி இறந்துபோகும். மழைக்கால வெள்ளத்தில் இளம் முதலைகள் வாய்க்கால், குட்டை, ஏரி என்று புது இடங்களுக்குப் போய்விடும். கோடையில் நீர் வற்றினால் மிச்சமிருக்கும் மடுக்களில் நெருக்கமாகச் சேரும், அல்லது கரையில் வளை தோண்டிப் பதுங்கும், அல்லது இரவில் நிலத்தின் மேலேயே நடந்து அடுத்த நீர்நிலையைத் தேடும். வயலிலும் வீட்டுக் கொல்லையிலும் முதலை புகுந்தது என்ற செய்திகளுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த நடைதான்.

ஆகவே பிப்ரவரி முதல் ஜூன் வரையிலான மாதங்கள் இரட்டிப்புக் கவனம் வேண்டியவை. தாய் முட்டை காக்கும் காலமும், மனிதர்களும் மாடுகளும் முதலையும் ஒரே மடுவைத் தேடி வரும் காலமும் ஒன்றாக வருகின்றன. நாள் கணக்கில் பார்த்தால் அந்தி முதல் விடியல் வரை அது இரை தேடும் வேளை.

பிடித்து வேறிடத்தில் விட்டால் போதாதா?

கொள்ளிடக் கரையில் முதலையால் உயிரிழந்தவர்கள் உண்டு, கை கால் இழந்தவர்களும் உண்டு. அந்த வீடுகளின் துயரத்தை ஒதுக்கிவிட்டு முதலையைப் பாதுகாப்போம் என்று பேசுவது அறம் ஆகாது. பிடித்துக்கொண்டு போங்கள் என்று ஊர் கேட்பது இயல்பு. வனத்துறையும் ஊருக்குள் புகும் முதலைகளைப் பிடித்து அணைக்கரைக் கீழணையிலோ சிதம்பரத்தை அடுத்த வக்காரமாரி ஏரியிலோ விடுகிறது.

ஊருக்குள் வழிதவறி வந்த முதலைக்கு அது சரியான வழி. ஆற்றுக்குள் இருக்கும் முதலைக்கு அது தீர்வாகாது. நல்ல மடு ஒன்று காலியானால் அடுத்த முதலை அங்கே வந்து அமரும். பிடித்துச் சென்ற முதலையும் திரும்பி வந்துவிடக் கூடும். ஆஸ்திரேலியாவில் உவர்நீர் முதலை ஒன்றை ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் வேறு கடற்கரையில் விட்டு, செயற்கைக்கோள் கருவியால் தொடர்ந்தார்கள். அது 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தித் தன் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. 2007-இல் வெளியான அந்த ஆய்வு, முதலைக்குத் தன் வீடு தெரியும் என்பதை உலகத்துக்குக் காட்டியது.

கொல்வதும் வழியல்ல. தோல் வணிகத்தால் முதலைகள் ஏறக்குறைய அழிந்துபோன நிலையில்தான் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1976-இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் வடநெம்மேலிப் பண்ணை உருவானது. சதுப்பு முதலை இன்றும் உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாகவே கருதப்படுகிறது.

மனிதன் மாறிக்கொள்ள முடியும்

குஜராத்தின் ஆனந்த், கேடா மாவட்டங்களை உள்ளடக்கிய சரோதர் வட்டாரத்தில் மலாதஜ், தேவா போன்ற ஊர்க் குளங்களில் முதலைகள் வாழ்கின்றன. முதலையை வாகனமாகக் கொண்ட கோடியார் மாதாவை அங்கே வணங்குகிறார்கள். தன்னார்வலர்கள் ஊர் மக்களோடு சேர்ந்து குளம் குளமாக முதலைகளை எண்ணுகிறார்கள். எந்தக் குளத்தில் எத்தனை, எந்தக் கரையில் படுக்கும் என்பது ஊருக்குத் தெரியும்.

இலங்கையின் மாத்தறையில் ஓடும் நில்வளா ஆற்றில் உவர்நீர் முதலைகள் உண்டு. அங்கே குளிக்கும் துறைகளைச் சுற்றி மரக்கம்புகளாலும் இரும்புக் கம்பிகளாலும் வேலி அமைக்கிறார்கள். ஆற்று நீர் உள்ளே வரும், முதலை வராது. பெரிய பொறியியல் ஒன்றும் இதில் இல்லை. வெள்ளத்துக்குப் பின் சேதத்தைச் சரிபார்த்துப் பராமரித்தால் போதும்.

நம் கரைக்குத் தேவையானதும் இதுவே. கொள்ளிடத்தில் இறங்குபவர்கள் யார் என்று பாருங்கள். வீட்டில் குளியலறையோ போதிய குழாய்த் தண்ணீரோ இல்லாதவர்கள், துணி மூட்டையோடு போகும் பெண்கள், ஆடுமாடு மேய்ப்பவர்கள், வலைக்காரர்கள். முதலைச் சிக்கலில் பாதி, தண்ணீர் வசதியின் சிக்கல்தான். தெருவுக்குள் தண்ணீரும், கரை மேட்டில் துவைகல்லோடு தொட்டியும், கால்நடைக்குத் தனித் தொட்டியும், முதலை நடமாடும் துறைகளில் கம்பி வேலியும் வந்துவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும். கட்டுப்பாடின்றி மணல் அள்ளிய பள்ளங்கள் கோடையில் ஆழ மடுக்களாக மாறி முதலைக்கு ஒளிவிடம் ஆகின்றன, முட்டையிடும் மேடுகளும் அழிகின்றன. மணலைக் காப்பது இரு தரப்புக்கும் நன்மை.

தனிமனிதர் செய்யக்கூடியவையும் உண்டு. இருட்டியபின் நீரில் இறங்காதீர்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தனியாக இறங்காதீர்கள். மீன் குடலையும் கோழிக்கழிவையும் ஆற்றோரம் கொட்டாதீர்கள், அது முதலையைத் துறைக்கு அழைப்பதற்குச் சமம். கரையில் சறுக்கிய தடமோ மணல் கிளறிய குழியோ தெரிந்தால் அந்த இடத்தை விட்டு விலகி, ஊருக்குச் சொல்லுங்கள். இரவில் டார்ச் அடித்தால் முதலைக் கண் சிவப்பாக மின்னும். ஊருக்குள் முதலை வந்தால் கல்லெறியாமல், கூட்டம் சேர்க்காமல் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் கொடுங்கள். கடி பட்டால் காயம் சிறிதாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அதன் வாயில் உள்ள கிருமிகள் காயத்தைச் சீழ்பிடிக்க வைக்கும்.

தமிழ்நாட்டில் கிராம சபைகள் கூடும் நாட்களில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் ஒன்று. கொள்ளிடத்து மணலில் முதலை முட்டை காக்கும் காலம் அது. வேலியிட்ட குளியல் துறை, கரைமேல் துவைதொட்டி, ஆபத்தான மடுக்களுக்கு எச்சரிக்கைப் பலகை என்ற மூன்றையும் கேட்டு ஒரு தீர்மானத்தைக் கரையோர ஊராட்சிகள் அன்று நிறைவேற்றலாம். முதலை தன் அட்டவணையை மாற்றிக்கொள்ளாது. கோடி ஆண்டுகளாக அது அந்த ஒழுங்கிலேயே தப்பிப் பிழைத்திருக்கிறது. மாற்றிக்கொள்ளும் ஆற்றல் நமக்கு இருக்கிறது. அதற்கான வசதியைக் கரையோர மக்களுக்குச் செய்து கொடுப்பது அரசின் கடமை.