நீரில் மூழ்குவோரைக் காப்பது எவ்வாறு?

ஒருவர் நீரில் தத்தளிக்கக் கண்டால், கரையில் நிற்பவர் மனம் பதைத்து உடனே குதித்துவிடுவது இயல்பு. ஆனால் இந்த நற்குணமே, ஓர் உயிருக்கு நேர்ந்த ஆபத்தைச் சில சமயங்களில் பல உயிர்களுக்கு நேர்ந்த ஆபத்தாக்கி விடுகிறது. ஏரியும் குளமும், வயற்கிணறும், ஓதியூர்க் கழியும், கடலும் சூழ்ந்த செய்யூர் வட்டாரத்து உறுப்பினர்கள் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி, சென்னையை அடுத்த மூவரசம்பட்டுக் குளத்தில் தீர்த்தவாரியின்போது ஒருவர் ஆழத்தில் சிக்கினார். அவரைக் காக்க முனைந்தவர்களும் மூழ்கினர். இளைஞர் ஐவர் மாண்டனர். 2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி, கடலூர் மாவட்டம் குச்சிப்பாளையம் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கச் சென்ற சிறுமியரும் பெண்களுமாக எழுவர் இவ்வாறே ஒருவரையொருவர் காக்க முயன்று உயிரிழந்தனர்.

இதற்குக் காரணம் யாது? மூழ்குபவர் மூச்சுக்காகப் போராடுகிறார்; அவருக்கு அப்போது யோசனை கிடையாது. கைக்கு எட்டியதைப் பற்றி, அதன்மேல் ஏறவே முயல்வார். நெருங்கியவரின் கழுத்தையும் தோளையும் இறுகப் பிடித்து அவரை நீருக்குள் அழுத்திவிடுவார். நன்கு நீந்தத் தெரிந்தவரும் இப்பிடியினின்று தப்புவது கடினம். மேலும், முதலாமவரை வீழ்த்திய சேறும், பள்ளமும், நீரோட்டமும் இரண்டாமவரையும் விடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் பிராங்க்ளின், பியர்ன் என்னும் இருவர், குழந்தைகளைக் காக்கச் சென்று தாமே மூழ்கியவர்களைப் பற்றி ஆராய்ந்து 2011இல் எழுதியுள்ளனர். ஆகவே இஃது உலகெங்கும் உள்ள அபாயமே.

அப்படியாயின் கைகட்டி நிற்பதா? அன்று. முதலில் உரக்கக் கூவி ஆட்களைச் சேர்க்க வேண்டும். ஒருவரை 108க்கோ 112க்கோ தொலைபேசியில் அழைக்கச் செய்ய வேண்டும். அடுத்து, கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மூங்கிற்கழியையோ மரக்கிளையையோ நீட்டுக. எட்டு முழ வேட்டி சுமார் 12 அடி நீளமுள்ளது; புடவையோ 18 அடி. நம் தறியில் நெய்த துணியே உயிர் காக்கும் கயிறாகும். எட்டாத் தொலைவாயின், மூடியை இறுக மூடிய காலி எண்ணெய்க் கேனைக் கயிற்றில் கட்டி வீசுக. மிதப்பது ஏதும் கையிலின்றி நீரில் இறங்குதல் கூடாது. பிடிபட்டுவிட்டால் நீருக்கடியில் அமிழ்க. அவர் மேலே வரும்பொருட்டுப் பிடியைத் தளர்த்துவார்.

கடலில் நீர் உள்ளிழுத்தால் அதனை எதிர்த்து நீந்திக் களைப்புறலாகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு ஓய்ந்தபின் கரை சேர வேண்டும்.

கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்குவதும், தட்டாமாலை சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சில்லையேல் மல்லாக்கக் கிடத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சளிக்க வேண்டும்; மார்பின் நடுவே 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சளிப்பதென மாறி மாறிச் செய்து, உதவி வரும்வரை விடாது தொடர வேண்டும்.

ஒவ்வொரு குளக்கரையிலும் கிணற்றடியிலும் ஒரு நீண்ட கயிறும் ஒரு காலிக் கேனும் வைத்திருக்க நம் சங்கங்கள் ஏற்பாடு செய்யலாம். செலவு சொற்பம். அவை இல்லாமையால் ஒரு குடும்பம் இழப்பதோ ஈடு செய்ய முடியாதது.