சுரவலிப்பும் வயதும்

திருவதிகை என்றவுடன் திருநாவுக்கரசரின் சூலை நோயும், அவர்தம் தமக்கையார் திலகவதியாரும் தமிழ் பயில்வார் நினைவிற்கு வருதல் இயல்பு. அவ்வூரினையும் அதனையடுத்த நெய்வேலி, விருத்தாசலம் பகுதிகளையும் சார்ந்த இல்லங்களில் தம்பி தங்கையரை உடையார் அறியவேண்டிய வேறொரு நோய்க்குறியும் உண்டு. அது சுரத்தோடு கூடிய வலிப்பாம்.

வலித்தல் என்பதற்கு இழுத்தல் என்பது பொருள். துடுப்பு வலித்தல் என்னும் வழக்கினை நோக்குக. கை கால்கள் தம் வசமின்றி இழுக்கப்படுதலின் இது வலிப்பெனப்பட்டது. பெயர் ஒன்றாயினும் காரணம் ஒன்றன்று. அக்காரணத்தை ஆராய்வார் முதற்கண் நோக்கற்பாலது நோயுற்றாரின் வயதேயாம்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுள் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குச் சுரத்தின்போது வலிப்பு வருவதுண்டு. மூளை இன்னும் முதிராமையே இதற்கு முதன்மையான ஏது. பெரும்பாலும் அது சில நிமிடங்களில் தானே அடங்கும், அறிவாற்றலையும் குறைப்பதில்லை.

ஆறு வயதைக் கடந்த சிறாருக்கு வருவதை அவ்வாறு எளிதாகக் கொள்ளலாகாது. சில குடும்பங்களில் இவ்வியல்பு வழிவழியாக வந்து, ஆறு வயதிற்குப் பின்னும் நீடிக்கும். ஆஸ்திரேலிய மருத்துவர் இருவர் 1997-ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். எனினும், முன்னர் வலிப்பே காணாத எட்டு அல்லது பத்து வயதுச் சிறுவனுக்குச் சுரத்துடன் அது தோன்றுமாயின், மூளைக்காய்ச்சலோ என்று முதலில் ஐயுறல் வேண்டும்.

இவ்வையம் நம் நாட்டிற்கு மிகவும் உரியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதல் அறியப்பட்டது 1955-ஆம் ஆண்டில், நம் வேலூர்ப் பகுதியிலேயாம். தென்னார்க்காட்டுப் பகுதியிலும் அது பரவியது. நெல்வயல் நீரிற் பிறக்கும் ஒருவகைக் கொசு, பன்றி, கொக்கு முதலியவற்றினின்றும் அந்நச்சுக்கிருமியை மக்களுக்குக் கொணர்கின்றது. பெரிதும் வருந்துவோர் பதினைந்து வயதிற்குட்பட்டோரே. கிருமி புகுந்தாருள் மிகச் சிலரே நோயுறுவர். ஆனால் நோயுற்றாருள் நூற்றுக்கு 30 பேர் வரை இறத்தலும், பிழைத்தாருட் பலர் உறுப்பும் அறிவும் குன்றுதலும் உண்டு. இதனைத் தடுக்கும் ஊசி 2006-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் நோய் மிகுந்த மாவட்டங்களிற் சிறார்க்கு இடப்பட்டு வருகின்றது.

வலிப்புக் கண்டபோது செய்யத்தக்கன சிலவே. சிறுவனை ஒருக்களித்துக் கிடத்துக. கழுத்துடையைத் தளர்த்துக. கடிகாரத்தை நோக்குக. கையில் இரும்புச் சாவியைத் திணித்தலாற் பயனில்லை. வாயிற் கரண்டியை இடுதலும், நீரோ மருந்தோ புகட்டுதலும் மூச்சையே தடுத்துவிடும். வலிப்பு ஐந்து நிமிடத்திற்கு மேற்படின் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. கழுத்து விறைப்பு, கடுந்தலைவலி, வாந்தி, பிதற்றல், தெளியாத மயக்கம் என்பவற்றுள் ஒன்று காணினும் அவ்வாறே செய்க. பெரிய சிறாராயின், வலிப்பு விரைவில் நின்றதேனும் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் கடன்.

பேய்க்கோளாறென்று மந்திரிப்பாரை நாடியும், 'சுரம் தணிந்தால் சரியாம்' என்று காத்தும் கழியும் ஓர் இரவு, ஒரு சிறுவனின் வாழ்நாள் முழுவதையும் மாற்றிவிடக்கூடும். மழைக்காலத்தின் பின் வயல்களில் நீர் நிறைந்திருக்கும் மாதங்களிலேதான் தமிழ்நாட்டில் இந்நோய் மிகுவது. அம்மாதங்களின் விடுமுறையில் ஊர் செல்லும் மாணாக்கராகிய நாம், கற்ற இச்சிறு செய்தியை நம் இல்லத்தார்க்கும் அயலார்க்கும் எடுத்துரைப்போமாக.