பூசணம் பிடித்த தட்டு

ஊறுகாயில் பூசணம் பூத்தால் ஜாடியோடு கொட்டிவிடுகிறோம். ஆய்வுக்கூடத்திலும் அதுதான் வழக்கம். 1985-ல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டொனால்ட் இங்பர் அப்படிக் கொட்டவில்லை. ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களை அவர் தட்டுகளில் வளர்த்துவந்தார். ஒன்றில் பூசணம் விழுந்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பூசணத்தை ஒட்டியிருந்த செல்கள் சாகவில்லை. தட்டையாகப் பரவிக் கிடக்க வேண்டியவை, உருண்டு திரண்டிருந்தன. தள்ளிப் போகப் போக, பழைய வடிவம்.

அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஜூடா ஃபோக்மன், அறுவைச் சிகிச்சை நிபுணர். புற்றுக்கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளரவேண்டுமானால் அதற்குப் புதிய ரத்தக் குழாய்கள் வேண்டும் என்று 1971-லேயே எழுதியவர். பலர் நம்பவில்லை. ஆனால் கட்டி அப்படித்தான் செய்கிறது. 'விஇஜிஎஃப்' என்ற புரதத்தைச் சுரந்து, பக்கத்துக் குழாயிலிருந்து கிளை விடவைத்து, தனக்கென்று வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது. அந்த மடையை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்பது ஃபோக்மனின் கணக்கு.

இங்பரின் தட்டில் விழுந்தது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்ற பூசணம். அது சுரந்து, குழாய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுத்த ஃப்யூமாஜிலின், தேனீக்களின் குடல்நோய்க்கு முன்பே கொடுத்துவந்த மருந்துதான். அதைத் திருத்தி உருவாக்கிய டிஎன்பி-470 எலிகளின் கட்டிகளை ஒடுக்கியது; 1990-ல் 'நேச்சர்' இதழில் அறிக்கை வந்தது. மனிதர்களிடமோ தலைசுற்றலும் தடுமாற்றமும் குழப்பமும் வந்தன. மருந்தாக அது கரையேறவில்லை. குழாய் வளர்வதைத் தடுக்க வேறு வழியில் வந்த பெவாசிஸுமாப் என்ற மருந்துதான் 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

காளானும் பூசணமும் ஒரே குலம். மரத்தடியில் வார்னிஷ் பூசியதுபோல் மின்னும் கானோடெர்மாவைச் சீனர்கள் லிங்ஷி என்றும், ஜப்பானியர் ரெய்ஷி என்றும் மருந்தாகக் கொண்டாடுகிறார்கள். நம் தென்னையைத் தாக்கும் தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணமும் இதே பேரினம்தான். இதன் சாறு புராஸ்டேட் புற்றுசெல்கள் விஇஜிஎஃப் சுரப்பதைக் குறைத்ததாக 2005-ல் ஓர் ஆய்வு சொன்னது. உண்மைதான், ஆனால் அது தட்டில் வளர்ந்த செல்களில். கரண்டிப் பொடியை விழுங்கினால் அதில் எவ்வளவு குடலைக் கடந்து கட்டிவரை போகும் என்பது வேறு கேள்வி. நோயாளிகளிடம் நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பின் ஆய்வறிக்கை, கானோடெர்மாவை முதல்நிலைச் சிகிச்சையாக ஏற்க ஆதாரம் போதாது என்றது. கீமோவோடு சேர்த்துத் தரலாமா என்ற இடத்தில்தான் சிறு நம்பிக்கை காட்டியது.

கீமோவுக்குப் பதிலாகக் காளான் பொடி டப்பாவை வாங்கும் குடும்பத்தின் தவிப்பு எனக்குப் புரிகிறது. "இயற்கைதானே, கெடுதல் என்ன வந்துவிடும்?" என்கிறார்கள். குழாய் வளர்வதை அந்தப் பொடி நிஜமாகவே தடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் செய்த புண் ஆறுவதற்கும் புதுக் குழாய்கள்தான் வேண்டும். அதனால்தான் பெவாசிஸுமாப் கொடுக்கும் டாக்டர்கள், பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் அதை நிறுத்திவைக்கிறார்கள். வீட்டில் யாரோ பாலில் கலக்கிக் கொடுக்கும் பொடியைப் பற்றிச் சொன்னால்தானே, அதையும் நிறுத்தச் சொல்ல அவர்களால் முடியும்?