பென்ஷன் பணத்தை ஜப்தி செய்ய முடியுமா?

"நாளைக்குள் கட்டாவிட்டால் பேங்க் அக்கவுண்டையே முடக்கிவிடுவோம்." வசூல் ஏஜென்ட் இப்படி மிரட்டியதும் பென்ஷனை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும் பெரியவர்கள் நம் ஊரில் ஏராளம். பதறத் தேவையில்லை. வெளியில் கடன் கொடுத்தவர், கோர்ட் உத்தரவு இல்லாமல் உங்கள் கணக்கைத் தொட முடியாது. கடன் தந்த வங்கியிலேயே கணக்கு இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. பாக்கிக்காக அந்த வங்கி நேரடியாகவே கழிக்கப் பார்க்கும். வரித் துறைகளுக்கும் தனி அதிகாரம் உண்டு.

டிக்ரி வாங்கியவருக்கும் எல்லாப் பணமும் கிடைத்துவிடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு பென்ஷன், கிராஜுவிட்டி, பி.எஃப்., ஆயுள் காப்பீட்டுத் தொகை, கூலித் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்பவர்களின் ஊதியம் ஆகியவற்றை ஜப்தியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். 31,000 ரூபாய் சம்பளக்காரரிடம் மாதம் 10,000 வரை பிடிக்கலாம். ஜீவனாம்ச டிக்ரி என்றால் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. அந்த 1,000 ரூபாய் 2002-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம். இன்றைய விலைவாசியில் அதை உயர்த்தாமல் வைத்திருப்பது அநியாயம்.

பென்ஷன் கணக்கில் விழுந்தபின் அது வெறும் இருப்புத்தானே என்று வாதிடுவார்கள். 2008-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஓய்வூதியப் பலன்கள் கைக்கு வந்தபிறகும் தன்மை மாறுவதில்லை, அவற்றை எஃப்.டி.யாகப் போட்டிருந்தாலும் ஜப்தி செய்யக்கூடாது என்றது. சம்பளம் கணக்கில் சேர்ந்துவிட்டால் இவ்வளவு உறுதி கிடையாது, வாதாட வேண்டிவரும்.

அமெரிக்காவில் 2011 முதல், ஜப்தி உத்தரவு வந்ததும் வங்கியே முந்தைய இரண்டு மாத வரவைப் பார்த்து, நேரடியாக வந்த சமூகப் பாதுகாப்புப் பணத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். இங்கே அந்தப் பாரம் முதியவரின் தலையில். பாஸ்புக்கையும் பென்ஷன் உத்தரவையும் இணைத்து, அதே கோர்ட்டில் அவர்தான் ஆட்சேப மனு போட வேண்டும். வங்கிகளுக்கும் அப்படியொரு கடமையை இங்கே விதிக்க வேண்டும். அதுவரை பென்ஷன் கணக்கில் வேறு பணத்தைக் கலக்காமல் வைத்திருங்கள். எது பென்ஷன் என்று காட்டுவது சுலபம்.

"கடன் பத்திரத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேனே" என்று கலங்குபவர்களுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. இந்த விலக்கை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது.