ஜனவரியில் வாங்கிய கார், ஏப்ரலில் பிறந்தது

என் மச்சான் ஒரு டிசம்பரில் கார் புக் பண்ணினார். கைக்கு வர ஜனவரி ஆகட்டும், புது வருஷ மாடலா இருக்கட்டும்னு சொல்லியே காத்திருந்தார். வண்டி காயல்பட்டினம் வந்தது, தெருவே பார்த்தது. மூணு வாரம் கழிச்சு ஆர்.சி. வந்தப்பதான் உற்பத்தி மாதம் என்ற இடத்தில் போன வருஷ ஏப்ரல் என்று இருந்தது. அதாவது ஒன்பது மாசம் எங்கேயோ நின்ற வண்டி. தள்ளுபடி ஒரு ரூபாய்கூட இல்லை.

ஷோரூமில் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், பேக்டரியில இருந்து வந்த புது வண்டிதான்" என்றார்கள். மச்சானுக்கு அவமானம் ஒரு பக்கம், ஹாங்காங்கில் சேர்த்த காசு ஒரு பக்கம். "விடு மச்சான், கோர்ட்டுன்னு அலைய முடியாது" என்றார். எனக்கு விட மனசில்லை. அப்போது படித்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு நியாயம். டிசம்பரில் செய்த கார் ஜனவரியில் விற்பனையாவது மோசடி இல்லை, லாரியில் வந்து சேரவே நாளாகும். பழைய வருஷ வண்டி என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்பதும் சரிதான். சொல்லாமல் விற்பதுதான் தப்பு. விற்பவர் தரும் படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் உற்பத்தி மாதமும் வருஷமும் எழுத ஒரு இடம் உண்டு. நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. கையெழுத்துப் போடு என்ற இடத்தில் எல்லாம் போட்டுவிட்டு, சாவியோடு போட்டோ எடுத்துக்கொண்டோம்!

இதேபோன்ற ஒரு வழக்கு கோவாவில் நடந்தது. 2011 மாடலுக்குப் பணம் கட்டியவருக்கு 2009 மாடல் காரைக் கொடுத்தார் டீலர், அதுவும் ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடியது. மாவட்ட மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் மூன்றுமே டீலரோடு சேர்த்து டாடா மோட்டார்ஸையும் பொறுப்பாக்கின. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கம்பெனியை மட்டும் விடுவித்தது. டீலர் கம்பெனியிடம் வண்டியை வாங்கித் தன் சொந்தக் கணக்கில் விற்கிறார், அவர் செய்தது கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டாவிட்டால் கம்பெனியைப் பிடிக்க முடியாது என்பது காரணம். டீலரின் பொறுப்பு அப்படியே நின்றது.

இதைப் படித்தபிறகு எங்கள் கடிதமே மாறியது. கம்பெனியைத் திட்டி எழுதியிருந்ததை அடித்துவிட்டு, டீலர் எந்தத் தேதியில் என்ன சொன்னார், புக்கிங் ரசீதில் என்ன இருக்கிறது, ஆர்.சி.யில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதினோம். கம்பெனிக்கு ஒரு நகல் போனது. நாளைக்கு "எங்களுக்குத் தெரியாது" என்று அவர்களும் சொல்ல முடியாது பாருங்கள்.

எங்கள் வழக்கில் ஒரு வசதியும் இருந்தது. எஞ்சினில் கோளாறு என்றால் அது உற்பத்திக் குறையா, ஓட்டியதில் வந்ததா என்று நிபுணர் சோதனைவரை போகும். வருஷம் மாறியதற்கு அது தேவையில்லை, ரெண்டு காகிதம் போதும்.

கோர்ட் அலைச்சல் என்ற பயமும் பாதி பழைய கதை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் தருபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தரலாம். சென்னையில் வாங்கினாலும் காயல்காரர் தூத்துக்குடி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 50 லட்சம்வரை இருந்தால் அங்கேயே விசாரணை. 5 லட்சம்வரை கட்டணம் கிடையாது, 10 லட்சம்வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். கோவாக்காரருக்குக் கடைசித் தீர்ப்பு வர எத்தனை வருஷம் ஆனது என்பதையும் மறைக்க மாட்டேன். அதனால்தான் நாங்கள் பேச்சை முதலில் முயன்றோம்.

போனில் பேசுவதை நிறுத்தி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினோம். பதினைந்து நாள் கெடு. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். அது தீர்ப்புச் சொல்லும் இடம் இல்லை, ஆனால் புகார் கம்பெனியின் மேசைக்குப் போய்விடும். பன்னிரண்டாம் நாள் மேனேஜரே போன் செய்தார். முதலில் இலவச சர்வீஸும் சீட் கவரும் தருகிறோம் என்றார். மச்சான் மறுத்தார். அதே மாடலின் பழைய வருஷ வண்டிகளுக்கு அந்த ஷோரூமே டிசம்பரில் விளம்பரம் செய்த தள்ளுபடி 45,000 ரூபாய். அந்த நோட்டீஸை உம்மா பழைய பேப்பர் கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அந்தத் தொகையையே கேட்டோம்.

ஒத்துக்கொண்டார்கள். ஆனால் "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற கடிதத்தில் முதலில் கையெழுத்துக் கேட்டார்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறட்டும், அப்புறம் போடுகிறேன் என்றார் மச்சான். நாலு நாள் இழுத்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரும்போது அவர் போனில் வங்கியின் குறுஞ்செய்தி வந்தது. அன்று மாலையே போய், இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.