டிராக்டரில் கியர் மாற்றும்போது எழும் ஓசை: காரணம் அறியும் முறை

உழவு மாடு நொண்டினால் குடியானவர் உடனே வைத்தியரைத் தேடி ஓடுவதில்லை. முதலில் குளம்பைத் தூக்கி, முள் தைத்திருக்கிறதா, லாடம் கழன்றிருக்கிறதா என்று பார்க்கிறார். டிராக்டர் விஷயத்தில் இப்பழக்கம் குறைவாகவே காணப்படுகிறது. கியர் மாற்றும்போது "டொக்" என்று ஓசை கேட்டதும், சிலர் அதைப் பொருட்படுத்தாமல் மாதக்கணக்கில் ஓட்டிவிடுகின்றனர். வேறு சிலர் உடனே கியர் பெட்டியைப் பிரிக்கச் சொல்லிவிடுகின்றனர். முன்னவர்க்கு நடவுப் பருவத்தில் யந்திரம் நின்றுபோகிறது. பின்னவர்க்கு வீண் செலவு உண்டாகிறது. ஓசை எப்பொழுது, எவ்விதம் எழுகிறது என்று கவனித்தால் அதன் இருப்பிடத்தைப் பெரும்பாலும் பிரிக்காமலே அறியலாம்.

ஓசை ஏன் உண்டாகிறது?

என்ஜினின் சக்தி கிளச்சு, கியர் பெட்டி, டிபரென்ஷியல், இறுதிப் பல்சக்கரங்கள் ஆகியவற்றின் வழியாகப் பின்சக்கரத்தை அடைகிறது. ஒன்றையொன்று கவ்வும் பற்களுக்கிடையே சிறிது இடைவெளி விடப்பட்டிருக்கும். எண்ணெய் நிற்பதற்கும், சூட்டினால் இரும்பு விரிவதற்கும் அது அவசியம். வண்டி முன்செலவிலிருந்து பின்செலவுக்கு மாறும்போதும், கிளச்சு விடப்படும்போதும், இவ்விடைவெளிகள் யாவும் ஒருசேர மூடுகின்றன. அப்பொழுது எழும் மெல்லிய ஓசை இயற்கையானது. நாளுக்கு நாள் அது பெருகுமாயின் எங்கோ தேய்வு அல்லது தளர்வு ஏற்பட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

1. கியர் தண்டை நகர்த்தும்போதே "நறநற" என்ற ஓசை

இது பெரும்பாலும் ஓட்டும் முறையினாலோ கிளச்சினாலோ வருவது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் பல்சக்கரங்களை ஒரே வேகத்திற்குக் கொண்டுவந்து இணைக்கும் ஸிங்க்ரோமெஷ் அமைப்பு 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் மோட்டார் கார்களில் வெளிவந்தது. இன்றைய கார்களில் அது பொதுவாக உண்டு. எல்லா டிராக்டர்களிலும் இல்லை. அஃதில்லாத டிராக்டரை முழுதும் நிறுத்திய பின்னரே கியர் மாற்ற வேண்டும். கார் ஓட்டிப் பழகியவர் ஓடும் டிராக்டரில் கியரைத் தள்ளினால் பற்களின் முனைகள் தேய்ந்து மழுங்கும்.

நின்ற வண்டியிலும் அவ்வோசை வந்தால் கிளச்சைச் சோதிக்க வேண்டும். என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கிளச்சை முழுதும் மிதித்து, நான்கைந்து விநாடி பொறுத்துக் கியரைப் போட வேண்டும். அப்பொழுதும் பற்கள் நறநறத்தால் கிளச்சு சரியாக விடுபடவில்லை என்பது தெளிவு. மிதியின் தொடக்கத்தில் இருக்கவேண்டிய தளர்வு அநேக டிராக்டர்களில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரையாகும். சரியான அளவை அந்தந்த யந்திரத்தின் கைப்புத்தகத்தில் காணலாம். தளர்வு மிகுந்தால் கிளச்சு விடுபடாது. தளர்வே இல்லாவிடில் கிளச்சுத் தகடு வழுக்கித் தேயும். இதைச் சரிசெய்வது சிறு வேலையே. கிளச்சு மிதியின்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கத்தையும் விட வேண்டும்.

சேற்றுழவில் தண்ணீர் கிளச்சு அறைக்குள் புகுந்து தகட்டைத் துருப்பிடிக்கச் செய்வதும் உண்டு. பல டிராக்டர்களில் அவ்வறையின் அடியில் வடிகால் துளை ஒன்று இருக்கும். சேற்றில் இறங்குமுன் அதற்குரிய அடைப்பானை இட்டு, வேலை முடிந்ததும் அகற்றிவிட வேண்டும்.

2. கிளச்சை விட்டதும் ஒரே ஒரு "டொக்"

இவ்வோசைக்கு முதலில் வெளிப்புறத்தைப் பார்க்க வேண்டும். டிரெய்லரை மாட்டும் பின்னும் அது நுழையும் துளையும் தேய்ந்திருந்தால், வண்டி புறப்படும்போதும் நிற்கும்போதும் பலத்த இடி உண்டாகும்; கேட்பவருக்கு அது கியர் பெட்டியில் எழுவதுபோலவே தோன்றும். டிரெய்லரைக் கழற்றி, டிராக்டரை மட்டும் ஓட்டிப் பார்த்தால் ஐயம் நீங்கிவிடும். சக்கரப் போல்ட்டுகளும், சேற்றுழவுக்குப் பூட்டும் கேஜ் வீல்களின் போல்ட்டுகளும் தளர்ந்திருந்தாலும் இவ்வோசை வரும்.

அடுத்து, ரோட்டவேட்டரை இயக்கும் பி.டி.ஓ. தண்டின் யூனிவர்ஸல் ஜாயிண்டுகளைப் பார்க்க வேண்டும். நான்கு சக்கர இயக்கமுள்ள டிராக்டரில் முன் அச்சுக்குச் செல்லும் தண்டும், ஜீப்பிலும் லாரியிலும் உள்ள நீண்ட தண்டும் இவ்வகையினவே. என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தண்டைக் கையால் இருபுறமும் திருக வேண்டும். நடுவிலுள்ள சிலுவை தன் கிண்ணங்களுக்குள் ஆடினால் அது தேய்ந்துவிட்டது. கிண்ணத்தைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி காணப்பட்டால் கிரீஸ் வற்றிவிட்டது என்று அறியலாம். தண்டைக் கழற்றி மாட்டுகையில் இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். மாறி அமைந்தால் புதிய சிலுவையும் அதிர்ந்து விரைவில் கெடும்.

3. ஓடும்போது விட்டு விட்டு வரும் ஓசை

குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் தாளம் போல ஓசை வந்தால், அக்கியரின் பல் உடைந்திருக்கக்கூடும். எல்லாக் கியர்களிலும் சக்கரத்தின் வேகத்திற்கேற்ப வந்தால் டிபரென்ஷியலையோ இறுதிப் பல்சக்கரங்களையோ, அவற்றின் பேரிங்குகளையோ ஐயுற வேண்டும். திரும்பும்போது மட்டும் வந்தால் டிபரென்ஷியலின் உட்பற்களைப் பார்க்க வேண்டும்.

இந்நிலையில் கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்ப்பது நலம். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வடிகால் அடைப்பானின் காந்தத்தில் மெல்லிய இரும்புக் குழம்பு படிந்திருப்பது இயல்பே. சில்லுகள் கிடந்தால் யந்திரத்தை அன்றே நிறுத்திவிட வேண்டும். உடைந்த துண்டு ஒன்று ஏனைய பற்களுக்கிடையே சிக்கினால் நல்ல பற்களும் முறியும். சில வேளை கியர் பெட்டியே பிளந்துபோகும்.

உயிருக்குள்ள அபாயம்

பி.டி.ஓ. தண்டு சாதாரணமாக நிமிஷத்திற்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9 சுற்று, சுழல்வது. வேஷ்டி முனையோ துண்டோ சேலைத் தலைப்போ அதில் சிக்கினால் கையால் இழுத்துக்கொள்ள நேரமிராது. ஆகையால் ஓசையின் இடத்தை அறிய ஓடும் தண்டின் அருகே எவரும் குனியலாகாது. தண்டின் மேலுறையையும் அகற்றி வைக்கலாகாது. சுமை ஏற்றிய டிரெய்லருடன் ஆற்றுக் கரையிலிருந்து இறங்குகையில் கியர் தானே விலகிவிடும் டிராக்டரைப் பழுது பார்க்காமல் ஓட்டுவதும், சரிவில் கியர் மாற்ற முயல்வதும் பெருந்தீங்கு பயக்கும்.

பட்டறைக்குச் செல்லுமுன் எந்தக் கியரில், சுமையோடா வெறுமையாகவா, என்ஜின் சூடேறிய பின்னா முன்னா, நேரே செல்கையிலா திரும்புகையிலா ஓசை வந்தது என்பதை ஒரு தாளில் குறித்துச் சென்றால் மெக்கானிக்கின் வேலை பாதியாகும். பலரும் வாடகைக்கு எடுக்கும் பொது டிராக்டர்களுக்கு இத்தகைய குறிப்புப் புத்தகம் ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்கும்படி கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்யலாம். நேற்று ஓட்டியவர் கேட்ட ஓசை நாளை ஓட்டுபவருக்குத் தெரிந்திருந்தால், அரை நாளில் முடியும் வேலை நடவுக் காலம் முழுவதையும் விழுங்காமல் தடுக்கலாம்.