வயலில் ராகி, வரப்பில் அதன் உறவு

கார்த்திகையில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஜவளகிரிப் பக்கம் போனால், விரல்களை உள்ளே மடக்கினாற்போல் ராகிக் கதிர்கள் முற்றி நிற்கும். அதே வயலின் வரப்பில், எவ்வளவு மிதிபட்டாலும் சாகாமல் தரையோடு படிந்து கிடக்கும் ஒரு புல்லைப் பிடுங்கிப் பாருங்கள். அடித்தண்டு தட்டையாக, வெளுத்திருக்கும். நுனியில் அதே விரல் அமைப்பு, ஆனால் ஒல்லியாக. அது எலூசின் இண்டிகா. ராகி, எலூசின் கொரகானா. இரண்டும் ஒரே பேரினம். களையெடுக்கிறவர்களுக்கு இந்த உறவு பெரிய தொல்லை. இளம் பயிரில் இரண்டையும் பிரித்தறிய அந்த வெளுத்த அடித்தண்டைத்தான் பார்க்க வேண்டும்.

எலூசின் பேரினத்தில் இனங்கள் பத்துக்குள்தான். பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் வளரும் எலூசின் ஜேகரி என்ற முரட்டுப் புல்லை மாடுகூட ஒதுக்கிவிடும்.

இண்டிகாவின் செல்லில் 18 குரோமோசோம்கள், ராகியில் 36. ராகியின் மரபில் பாதி, இண்டிகாவிடமிருந்தோ அதன் மிக நெருங்கிய உறவிடமிருந்தோ வந்தது. மறுபாதியைத் தந்த புல் எதுவென்று இன்றுவரை உறுதியாகவில்லை. இரண்டும் கலந்து உருவான காட்டுப் புல்லைச் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்க உழவர்கள் பயிராக்கினார்கள். காட்டுப் புல்லின் மணி முற்றியதும் உதிர்ந்துவிடும். உதிராத கதிர்களையே அறுத்து, அவற்றையே மறுபடி விதைத்து வந்ததில், மணியை இறுகப் பிடித்துக்கொள்ளும் பயிர் கிடைத்தது. என் கணக்கில் ராகியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி கிடையாது. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. அந்தச் சத்தெல்லாம் மண்ணில் கொட்டிப் போகாமல் நம் களியில் சேர்வது இந்த ஒரு குணத்தால்தான்.

தமிழ்நாட்டிலேயே ராகி அதிகம் விளைவது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். உதிராமல் ஒன்றாக முற்றி நிற்கும் இந்த வயல்கள் யானைகளுக்கும் விருந்து. அறுவடைக் காலத்தையொட்டி ஆண்டுதோறும் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்குகின்றன. சிறுதானியத்தைப் புகழும் நாம், பரண்மேல் விழித்திருக்கும் உழவரின் இரவுகளையும் ராகியின் விலையில் சேர்த்தே ஆகவேண்டும். அறுத்துப் போர் போட்ட கதிரையும் யானை தேடி வரும் என்பதால், அறுவடை முடிந்தாலும் காவல் முடிவதில்லை.